துப்பாக்கி வன்முறையைத் தடுப்பதில் வைத்தியரின் பங்கு

மாணவர்களே, நோய் வந்தபின் குணப்படுத்துவதைவிட அது வராமல் தடுப்பதே சிறந்தது என்பதைச் சுகாதாரப் பாடத்தில் பலமுறை படித்திருப்பீர்கள். டெங்கு, மலேரியா, நீரிழிவு ஆகியவற்றுக்கு இது பொருந்தும் என்பதை எவரும் மறுக்கமாட்டார். துப்பாக்கிச் சூட்டுக்கும் இது பொருந்துமா? சூடு பட்டவரைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுவந்த பின்னர்தான் வைத்தியருக்கு வேலை, அதற்கு முன் நடப்பதெல்லாம் பொலிசாருக்கும் நீதிமன்றத்துக்கும் உரியவை என்றே பலரும் எண்ணுவர். இந்த எண்ணம் சரியானதா என்பதே நாம் இங்கு ஆராயப்போகும் வினாவாகும்.

இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த நாடு ஐக்கிய அமெரிக்காவாகும். அங்கு பொதுமக்களிடமுள்ள துப்பாக்கிகளின் எண்ணிக்கை அந்நாட்டின் சனத்தொகையைவிட அதிகம் என மதிப்பிடப்பட்டுள்ளது. 1791 இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பற்றிக் கூறுகின்றது. வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2008 இல் தீர்ப்பளித்தது. இலங்கையில் 1916 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றே துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆகவே நாம் இங்கு படிப்பது நமது நாட்டிலிருந்து வேறுபட்ட ஒரு சூழ்நிலை என்பதை முதலில் மனத்திற் கொள்ளுங்கள்.

2021 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் துப்பாக்கியால் 48,830 பேர் இறந்தனர். 2023 இல் இத்தொகை சிறிது குறைந்து 46,728 ஆயிற்று. 1 வயது முதல் 19 வயது வரையுள்ளோரின் மரணத்துக்கான காரணங்களுள் 2020 ஆம் ஆண்டில் துப்பாக்கி முதலிடத்துக்கு வந்தது. அதற்கு முன்னர் நீண்டகாலமாக அந்த இடத்தில் இருந்தவை வீதி விபத்துகளாகும். உங்கள் வயதுப் பிள்ளைகளைப் பற்றியே இப்புள்ளிவிபரம் பேசுகின்றது.

இது எவ்வாறு சுகாதாரப் பிரச்சினையாகும்?

ஒரு நோய் பரவுவதற்கு நோய்க்காரணி, அதைச் சுமந்து வரும் காவி, பாதிக்கப்படும் மனிதன், இவை சந்திக்கும் சூழல் ஆகியன வேண்டும். டெங்குவில் நோய்க்காரணி வைரசு, காவி நுளம்பு, சூழல் நீர் தேங்கி நிற்கும் சிரட்டையும் தயிர்ச் சட்டியும் ஆகும். இவற்றுள் ஏதேனும் ஒன்றைத் துண்டித்தாலும் நோய் தடைப்படும். காய்ச்சல் வந்தவருக்கு மருந்து கொடுத்துக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் மலேரியா அற்ற நாடு என்னும் உலக சுகாதார அமைப்பின் சான்றிதழை இலங்கை 2016 இல் பெற்றிருக்க முடியாது.

இதே முறையைத் துப்பாக்கிக் காயத்துக்குப் பிரயோகித்துப் பாருங்கள். உடலைச் சிதைக்கும் காரணி, சன்னம் சுமந்து வரும் இயக்கப்பாட்டுச் சக்தியாகும். விஞ்ஞான பாடத்தில் இச்சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது எனக் கற்றிருப்பீர்கள். வேகம் இரு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகும். கைத்துப்பாக்கிச் சன்னத்தைவிட வேகமாகச் செல்லும் போர்த்துப்பாக்கிச் சன்னம் ஈரலையும் எலும்பையும் ஏன் அவ்வளவு மோசமாகச் சிதைக்கின்றது என்பதற்கு விளக்கம் இதுதான். இங்கு காவி துப்பாக்கி. சூழல் என்பது பூட்டப்படாத மேசை இலாச்சியாகவும் இருக்கலாம், வேலையற்ற இளைஞர் கூடும் தெருமூலையாகவும் இருக்கலாம்.

இவ்வாறு சிந்திப்பது வெறும் சொல் விளையாட்டன்று. வீதி விபத்து என்றாலே சாரதியின் கவனயீனம் என்று மட்டும் பேசப்பட்ட ஒரு காலம் இருந்தது. வில்லியம் ஹடன் என்ற வைத்தியர், சாரதியைத் திட்டிக்கொண்டிருப்பதை விட்டு வாகனத்தையும் வீதியையும் மாற்றியமைத்தால் அதே கவனயீனத்தோடும் குறைவானோரே இறப்பர் என வாதிட்டார். 1966 இல் அமெரிக்க அரசு வீதிப் பாதுகாப்புக்கென ஒரு நிறுவனத்தை ஆரம்பித்தபோது அதன் முதல் தலைவராக அவரே நியமிக்கப்பட்டார். ஆசனப்பட்டி முதலான ஏற்பாடுகள் அதன் பின்னரே வாகனங்களிற் கட்டாயமாயின. மோட்டார் வாகனங்களை எவரும் தடைசெய்யவில்லை என்பதையும் கவனியுங்கள்.

துப்பாக்கி விடயத்திலும் அமெரிக்க வைத்தியர்கள் இந்த வழியையே பின்பற்ற முயன்றனர். நோய்க் கட்டுப்பாட்டு மையம் எனப்படும் அரச நிறுவனம் 1983 இல் வன்முறை பற்றி ஆராய ஒரு பிரிவை அமைத்தது. 1985 இல் நாட்டின் தலைமைச் சத்திரசிகிச்சை நிபுணர் என்னும் பதவியிலிருந்த எவரெட் கூப், வன்முறையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகக் கொள்ள வேண்டுமென ஒரு செயலமர்வைக் கூட்டினார். பதவியின் பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். அது சத்திரசிகிச்சை செய்யும் பதவி அன்று, பொதுமக்களின் சுகாதாரம் பற்றி அரசின் சார்பில் ஆலோசனை கூறும் பதவியாகும்.

இறப்பவர்கள் யார்?

துப்பாக்கி வன்முறை என்றவுடன் கொள்ளைக்காரனும் பாடசாலையினுள் நுழைந்து சுடுபவனுமே நம் கண்முன் வருவர். பத்திரிகைகளின் முதற்பக்கமும் அவ்வாறானதே. ஆனால் மேலே கூறிய 2021 ஆம் ஆண்டின் மரணங்களைப் பிரித்துப் பார்த்தால் 26,328 தற்கொலைகளாகவும் 20,958 கொலைகளாகவும் இருப்பதைக் காணலாம். அதாவது அரைவாசிக்கு மேற்பட்டோரின் மரணத்தில் வேறு எவரும் அவர்களைச் சுடவில்லை. பொலிஸ் காவலை எவ்வளவு அதிகரித்தாலும் இந்த மரணங்களுட் பெரும்பாலானவற்றைத் தடுக்க முடியாது. வைத்தியரின் பங்கு இங்குதான் மிக முக்கியமாகின்றது.

உயிரை மாய்க்கும் எண்ணம் பெரும்பாலும் நீடித்து நிற்பதில்லை. ஒரு மணித்தியாலம், சில வேளை சில நிமிடங்கள் மட்டுமே உச்சத்தில் இருந்து பின் தணியும். அந்த நேரத்தைத் தாண்டிப் பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மனம் மாறுவதற்கான அவகாசம் கிடைப்பதில்லை. ஆகவே மனச்சோர்வுக்கு மருந்தும் ஆலோசனையும் வழங்கும் வைத்தியர், வீட்டிலுள்ள துப்பாக்கியைச் சிறிது காலத்துக்கு நம்பிக்கையான வேறொருவரிடம் ஒப்படைக்கும்படி குடும்பத்தினரைக் கேட்டுக்கொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

இதற்குச் சான்று தேடும் அமெரிக்க ஆய்வாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் நாடுகளுள் ஒன்று இலங்கை என்பதை அறிவீர்களா? 1995 ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு 47 ஆக உயர்ந்து உலகிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்றாக இருந்தது. அதிக நச்சுத்தன்மை கொண்ட பீடைகொல்லிகளின் இறக்குமதியும் விற்பனையும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 2005 ஆம் ஆண்டளவில் அவ்வீதம் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. அந்தப் பத்து ஆண்டுகளில் மக்களின் கவலைகள் அரைவாசியாகக் குறைந்துவிட்டன என்று எவரும் கூறமாட்டார். யுத்தமும் சுனாமியும் வந்த காலம் அது. குறைந்தது, உயிர் பறிக்கும் பொருள் கைக்கெட்டிய அளவே ஆகும்.

துப்பாக்கிக்கே உரிய ஒரு சான்று இஸ்ரேலிலிருந்து கிடைக்கின்றது. அந்நாட்டு இராணுவத்தில் 18 முதல் 21 வயது வரையுள்ள படையினர் வார இறுதி விடுமுறையில் வீடு செல்லும்போது துப்பாக்கியையும் எடுத்துச் செல்வது வழக்கமாயிருந்தது. 2006 இல் அதனை முகாமிலேயே விட்டுச் செல்ல வேண்டுமென விதி மாற்றப்பட்டது. தற்கொலைகள் சுமார் 40 வீதத்தால் குறைந்தன. குறைவு ஏற்பட்டது வார இறுதி நாட்களிலேயே, கிழமை நாட்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இருக்கவில்லை. விதி மாற்றத்தாலேயே பலன் ஏற்பட்டது எனக் கொள்வதற்கு இது வலுவான ஆதாரமாகும்.

(மாணவர்களே, பாடத்துக்குப் புறம்பாக ஒரு வார்த்தை. உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ மனம் தாங்க முடியாத நிலை வந்தால் அதனை ஒளிக்காமல் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ வைத்தியரிடமோ கூறுங்கள். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல உதவிச் சேவையுடன் பேசலாம்.)

வைத்தியர் கேட்கும் ஒரு கேள்வி

அமெரிக்காவில் ஒரு குழந்தையை வழமையான பரிசோதனைக்குக் கொண்டு செல்லும்போது, சிறுவர் நல வைத்தியர் எடையும் உயரமும் பார்ப்பதோடு நின்றுவிடுவதில்லை. வாகனத்தில் குழந்தைக்குரிய ஆசனம் உண்டா, மருந்துகளை எங்கே வைத்திருக்கிறீர்கள், வீட்டில் நீச்சல் தடாகம் இருக்கிறதா எனக் கேட்பார். அவ்வரிசையில் ஒன்றாக, வீட்டில் துப்பாக்கி உண்டா என்பதையும் கேட்பார். நம் ஊரில் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து, கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதா, மண்ணெண்ணெய்ப் போத்தல் எங்கே என்று பார்ப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

உண்டு எனப் பதில் வந்தால் வைத்தியர் கூறும் ஆலோசனை எளிமையானது. சன்னத்தை அகற்றித் துப்பாக்கியைப் பூட்டி வையுங்கள், சன்னங்களை வேறோர் இடத்தில் பூட்டி வையுங்கள், திறப்பு இருக்குமிடம் பிள்ளைக்குத் தெரியக்கூடாது. துப்பாக்கியே இல்லாத வீடுதான் பிள்ளைக்கு மிகப் பாதுகாப்பானது என்பது அந்நாட்டுச் சிறுவர் நல வைத்தியர் கழகத்தின் நிலைப்பாடு. ஆயினும் வைத்திருப்போரிடம் பாதுகாப்பாக வைத்திருக்கும் முறையையே பேசுவர். வெறும் வாய்ச்சொல் போதுமா? 2008 இல் வெளியான ஓர் ஆய்வில், வைத்தியர்கள் ஆலோசனையோடு துப்பாக்கிக்குரிய கம்பிப் பூட்டையும் இலவசமாகக் கொடுத்தபோது பூட்டி வைக்கும் குடும்பங்கள் அதிகரித்தமை தெரியவந்தது.

இந்தச் சிறிய கேள்வியே பெரும் வழக்காக மாறியது. புளோரிடா மாநிலத்தில் ஒரு தாய் இக்கேள்விக்குப் பதிலளிக்க மறுத்தார். அவ்வாறாயின் வேறொரு வைத்தியரைத் தேடிக்கொள்ளுமாறு அவரது சிறுவர் நல வைத்தியர் கூறினார். (நோயாளியைக் கைவிட்டது சரியன்று என்பதே எமது கருத்து. கேட்பது வைத்தியரின் கடமையாயின் பதில் கூறாதிருப்பது தாயின் உரிமை.) துப்பாக்கி உரிமையாளர்களின் அமைப்புகள் இதனைக் கையிலெடுத்தன. 2011 இல் அம்மாநிலம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. தக்க காரணமின்றி நோயாளியிடம் துப்பாக்கி பற்றி வினவவோ அதனைப் பதிவேட்டில் எழுதவோ கூடாது, மீறும் வைத்தியருக்கு 10,000 டொலர் வரை தண்டமும் தொழில் அனுமதியை இழக்கும் அபாயமும் உண்டு என அச்சட்டம் கூறியது.

வைத்தியர்கள் வழக்குத் தொடர்ந்தனர். ஆறு ஆண்டுகள் வழக்கு இழுபட்டது. 2017 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு ஆயம், வினவுவதையும் பதிவதையும் தடுத்த பிரிவுகள் பேச்சுச் சுதந்திரத்துக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்து அவற்றை நீக்கியது. வைத்தியர் கேள்வி கேட்பதால் எவருடைய துப்பாக்கியும் பறிபோகவில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். குடியுரிமைக் கல்வி பயில்வோர் இவ்வழக்கை நன்கு கவனிக்க வேண்டும். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் காக்க எழுந்த சட்டமொன்று பேச்சு உரிமையோடு மோதிய சந்தர்ப்பம் இது.

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டம் நேரெதிரானது. துப்பாக்கி வைத்திருக்கும் நோயாளியால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து நேரலாமென வைத்தியர் கருதினால் பொலிசாருக்கு அறிவிக்கலாம், இரகசியத்தை மீறினார் என அவர்மீது குற்றம் சுமத்த முடியாது. 1996 இல் போர்ட் ஆதரில் 35 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னர் அந்நாடு தன் துப்பாக்கிச் சட்டங்களை மாற்றியமைத்தது.

எண்ணிப் பார்க்க விடாத காலம்

தடுப்பு வேலைக்கு அடிப்படை கணக்கெடுப்பாகும். எங்கே, எப்போது, யாருக்கு, எதனால் என்ற விபரம் இல்லாமல் எந்த நோயையும் கட்டுப்படுத்த முடியாது. துப்பாக்கி பற்றிய இக்கணக்கெடுப்பே அமெரிக்காவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தடைப்பட்டது.

ஆர்தர் கெலர்மன் என்பவர் அவசர சிகிச்சைப் பிரிவு வைத்தியர். வீட்டில் துப்பாக்கி இருப்பது அவ்வீட்டாரைப் பாதுகாக்கின்றதா அல்லது ஆபத்துக்குள்ளாக்குகின்றதா என அறிய அவர் தலைமையில் ஆய்வுகள் நடைபெற்றன. துப்பாக்கி உள்ள வீடுகளில் ஒருவர் கொலையுண்பதற்கான வாய்ப்பு ஏனைய வீடுகளைவிட 2.7 மடங்கு எனவும், கொல்பவர் பெரும்பாலும் உறவினர் அல்லது அறிமுகமானவர் எனவும் 1993 இல் வெளியான முடிவுகள் காட்டின. (இந்த எண்ணை மனனம் செய்ய வேண்டியதில்லை. முறையை விளங்கிக்கொண்டாற் போதும்.) ஏற்கெனவே ஆபத்திலுள்ளவர்களே துப்பாக்கி வாங்கியிருக்கலாம் அல்லவா என விமர்சகர்கள் கேட்டனர். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண மேலும் ஆய்வு செய்திருக்க வேண்டும்.

நடந்தது வேறு. 1996 இல் ஆர்கன்சோ மாநிலப் பிரதிநிதியான ஜே டிக்கி ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். காயத் தடுப்புக்கு ஒதுக்கப்படும் பணத்தைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிப்பதற்கோ ஊக்குவிப்பதற்கோ நோய்க் கட்டுப்பாட்டு மையம் பயன்படுத்தக்கூடாது என அது கூறியது. ஆய்வு செய்யக்கூடாது என்று அதில் ஓரிடத்திலும் எழுதப்படவில்லை. ஆனால் அதே வேளையில், முந்திய ஆண்டில் துப்பாக்கி ஆய்வுக்குச் செலவான 2.6 மில்லியன் டொலர் அப்படியே பறிக்கப்பட்டு மூளைக் காயம் பற்றிய வேலைக்கு மாற்றப்பட்டது. அதிகாரிகள் அச்சத்தாற் பின்வாங்கினர். இளம் ஆய்வாளர்கள் வேறு துறைகளை நாடினர். கலிபோர்னியாவின் அவசர சிகிச்சை வைத்தியரான கரன் விண்டமியூட் போன்ற சிலரே விடாது தொடர்ந்தனர். அவர் தமது சொந்தப் பணத்தில் பத்து இலட்சம் டொலருக்கு மேல் இவ்வாய்வுக்குச் செலவிட்டார்.

பின்னர் நடந்தது வியப்புக்குரியது. அன்று டிக்கியின் எதிரணியில் நின்றவர், நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் காயத் தடுப்புப் பிரிவின் தலைவராயிருந்த வைத்தியர் மார்க் ரோசன்பேர்க். காலப்போக்கில் இருவரும் நண்பர்களாயினர். துப்பாக்கி உரிமையைப் பேணிக்கொண்டே மரணங்களைக் குறைக்கும் வழியை ஆய்வின் மூலம் காணலாம், எனவே ஆய்வு மீண்டும் ஆரம்பிக்கப்பட வேண்டும் என 2012 இல் இருவரும் சேர்ந்து பத்திரிகையில் எழுதினர். வீதி விபத்து மரணங்களை வாகனங்களைத் தடைசெய்யாமலே குறைத்தோம் என்பது அவர்கள் காட்டிய உதாரணம். டிக்கி 2017 இல் காலமானார். 2019 டிசெம்பரிலேயே அமெரிக்கக் கொங்கிரஸ் துப்பாக்கிக் காய ஆய்வுக்கென 25 மில்லியன் டொலரை ஒதுக்கியது.

வைத்தியசாலைக்குள் நடக்கும் தடுப்பு

சூடு பட்டவர் வைத்தியசாலைக்கு வந்துவிட்டால் தடுப்புக்கான சந்தர்ப்பம் முடிந்துவிட்டது என எண்ண வேண்டாம். பால்டிமோர் நகரில் காயச் சத்திரசிகிச்சை நிபுணராகப் பணியாற்றிய கார்னெல் கூப்பர், தாம் காப்பாற்றி அனுப்பிய இளைஞர்களே சில மாதங்களின் பின் மீண்டும் சூட்டுக் காயத்தோடு வருவதைக் கண்டார். வீடு திரும்பும் இளைஞனுக்குத் தொழில் இல்லை, படிப்பு பாதியில் நின்றது, பழிவாங்கத் தூண்டும் நண்பர்கள் வாசலிலேயே காத்திருக்கின்றனர். 1998 இல் அவர் தொடங்கிய திட்டத்தின்படி, காயமடைந்தவர் கட்டிலில் இருக்கும்போதே சமூக சேவை உத்தியோகத்தர் அவரைச் சந்திப்பார். தொழிற்பயிற்சி, போதைப்பொருளிலிருந்து விடுபடும் சிகிச்சை, கல்வி என அவருக்கு வேண்டியவை ஒழுங்குசெய்யப்படும். மரணத்தின் வாயிலிலிருந்து மீண்டவன் அறிவுரைக்குச் செவிசாய்க்கும் நேரம் அதுவே. இத்தகைய திட்டங்கள் பின்னர் பல நகரங்களுக்குப் பரவின.

சிக்காகோவில் கரி சுலட்கின் என்ற தொற்றுநோய் நிபுணர் வேறொரு வழியைக் கண்டார். ஆபிரிக்காவில் காசநோய், கொலரா, எய்ட்ஸ் ஆகியவற்றோடு போராடித் திரும்பிய அவருக்கு, சிக்காகோவின் சூட்டுச் சம்பவ வரைபடம் கொலரா வரைபடம் போலத் தோன்றியது. ஒரு சூடு அடுத்த சூட்டைப் பெற்றெடுக்கின்றது. 2000 ஆம் ஆண்டு அவர் ஆரம்பித்த திட்டத்தில், அப்பகுதி இளைஞரின் நம்பிக்கையைப் பெற்றவர்கள், சிலவேளை முன்னாள் குழு உறுப்பினர்கள், பழிவாங்கல் நிகழுமுன் சென்று சமரசம் பேசுவர். சில இடங்களில் இது நல்ல பலன் தந்தது, சில இடங்களில் மாற்றம் தென்படவில்லை.

இங்கு வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரையும் கூற வேண்டும், அங்கு பிரச்சினை துப்பாக்கியன்றி உடைந்த கிளாசும் கைகலப்புமாக இருந்தபோதிலும். முகச் சத்திரசிகிச்சை நிபுணரான ஜொனதன் ஷெப்பர்ட், வைத்தியசாலைக்கு வரும் வன்முறைக் காயங்களுட் பெரும் பகுதி பொலிசாருக்கே தெரியாது என்பதைக் கண்டறிந்தார். சம்பவம் எங்கே, எப்போது, எந்த ஆயுதத்தால் நிகழ்ந்தது என்பதை மட்டும் பெயர் நீக்கிப் பொலிசாருக்கும் நகரசபைக்கும் கொடுத்தனர். அவ்விடங்களில் காவல் மாற்றியமைக்கப்பட்டது. அந்நகரில் வன்முறைக் காயத்தோடு அனுமதிக்கப்படுவோர் தொகை, ஒப்பிட்ட ஏனைய நகரங்களைவிட 42 வீதம் குறைந்தது என 2011 இல் வெளியான ஆய்வு கூறிற்று. நமது கிராமப்புற வைத்தியசாலைகளும் கட்டுத்துவக்கு வெடித்துக் காலில் காயமடைந்தோரைக் காண்கின்றன. எந்தக் காட்டோரத்தில், எந்த மாதத்தில் இவை அதிகம் என்பதை அறிந்தாலே எச்சரிக்கை செய்ய வழி பிறக்கும்.

சூடு பட்டபின் உயிரைக் காப்பதிலும் பொதுமக்களுக்குப் பங்குண்டு. 2012 டிசெம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் ஆரம்பப் பாடசாலையில் 20 சிறுவரும் 6 ஊழியரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். அம்மாநிலத்தின் சத்திரசிகிச்சை நிபுணர் லென்வர்த் ஜேக்கப்ஸ் முதலியோர், குருதிப்பெருக்கை நிறுத்தும் முறையைச் சாதாரண மக்களுக்கும் கற்பிக்க வேண்டுமென வலியுறுத்தினர். முதலுதவி அலகில் காயத்தை இறுக அழுத்திப் பிடிக்கக் கற்றீர்கள் அல்லவா? அதே பாடம்தான்.

எதிர்ப்பும் எல்லையும்

2018 ஒக்டோபரில் அமெரிக்க உள்மருத்துவ வைத்தியர் கல்லூரி துப்பாக்கி மரணங்களைக் குறைப்பதற்கான பரிந்துரைகளை வெளியிட்டது. நவம்பர் 7 ஆம் திகதி தேசிய துப்பாக்கிச் சங்கம், வைத்தியர்கள் தமது வேலையை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தில் இணையத்தில் ஏளனமாக எழுதியது. அன்றிரவே கலிபோர்னியாவின் தவுசண்ட் ஓக்ஸ் நகரில் ஒரு மதுச்சாலையில் 12 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். நாடெங்குமிருந்து சத்திரசிகிச்சை நிபுணர்களும் தாதியரும் சட்ட வைத்திய அதிகாரிகளும் குருதி தோய்ந்த அங்கிகளின் படங்களோடு, இதுவே எமது வேலை எனப் பதிலளித்தனர். அவர்களை ஒன்றுதிரட்டியவர்களுள் ஜோசப் சக்ரான் முக்கியமானவர். அவருக்கு 17 வயதாயிருந்தபோது, 1994 இல், காற்பந்தாட்டப் போட்டி முடிந்த ஓர் இரவில் எங்கிருந்தோ வந்த சன்னம் அவரது தொண்டையைத் துளைத்தது. தம்மைக் காப்பாற்றியவர்களைக் கண்டே அவரும் காயச் சத்திரசிகிச்சை நிபுணரானார்.

2022 மே மாதம் 24 ஆம் திகதி டெக்சாசின் உவால்டி நகரப் பாடசாலையில் 19 மாணவரும் 2 ஆசிரியரும் கொல்லப்பட்டனர். அந்நகரின் சிறுவர் நல வைத்தியர் ரோய் கெரேரோவும் சிறுவயதில் அதே பாடசாலையில் படித்தவர். போர்த்துப்பாக்கிச் சன்னங்களால் சிதைந்த இரு பிள்ளைகளை அவர்கள் அணிந்திருந்த உடையிலிருந்த சித்திரங்களைக் கொண்டே அடையாளம் காண முடிந்தது என அவர் கொங்கிரசின் குழு முன் சாட்சியமளித்தார். இயக்கப்பாட்டுச் சக்தி பற்றி மேலே கூறியதை இங்கு நினைத்துப் பாருங்கள்.

2024 ஜூனில் தலைமைச் சத்திரசிகிச்சை நிபுணர் விவேக் மூர்த்தி, துப்பாக்கி வன்முறை ஒரு பொதுச் சுகாதார நெருக்கடி எனப் பிரகடனம் செய்தார். துப்பாக்கி ஒரு சுகாதார விடயம் என முன்னொருமுறை எழுதிய ஒரு வரிக்காகவே அவரது முதல் நியமனம் ஓராண்டுக்கு மேல் தாமதமானது. ஆட்சி மாறிய பின், 2025 மார்ச்சில் அவரது ஆலோசனை அறிக்கை அரசின் இணையத்தளத்திலிருந்து அகற்றப்பட்டது.

வைத்தியரின் பங்குக்கு எல்லைகளும் உண்டு. யார் சுடுவார் என முன்கூட்டியே கூறும் பரிசோதனை எதுவும் வைத்தியரிடம் இல்லை. மனநோயாளர்களே சுடுகின்றனர் என்ற எண்ணமும் தவறானது. மனநோய் உள்ளோரில் மிகப் பெரும்பாலானோர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. நோயாளி நம்பிக் கூறியதை வெளியிடுவதற்கும் உயிராபத்தைத் தடுப்பதற்கும் இடையில் வைத்தியர் தடுமாற வேண்டி வரும். மேரிலண்ட் போன்ற சில மாநிலங்களில், ஆபத்தான நிலையிலுள்ளவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாகப் பெறுமாறு வைத்தியரே நீதிமன்றத்தை நாடலாம். இறுதி முடிவை எடுப்பவர் நீதவானே.

பரீட்சை நோக்கில்

இவ்விடயத்தை ஒட்டி வினா அமைந்தால் அது பெரும்பாலும் பிரயோக வினாவாகவே இருக்கும். பின்வருவனவற்றுக்கு விடையெழுதிப் பாருங்கள்.

(அ) துப்பாக்கிக் காயத்தில் நோய்க்காரணி, காவி, சூழல் எனக் கொள்ளத்தக்கவற்றைக் குறிப்பிடுக.

(ஆ) "வைத்தியர் நோயாளியிடம் துப்பாக்கி பற்றிக் கேட்பது அந்தரங்கத்தில் தலையிடுவதாகும்." இக்கூற்றுக்குச் சார்பாகவும் எதிராகவும் ஒவ்வொரு காரணம் தருக.

(இ) இலங்கையில் பீடைகொல்லித் தடையின் விளைவையும் இஸ்ரேலிய இராணுவ விதி மாற்றத்தின் விளைவையும் ஒப்பிடுக.

வினா (அ) இல் காரணியாகத் துப்பாக்கியை எழுதுவது மாணவர் பலரும் விடக்கூடிய பிழை. நுளம்பு டெங்கு வைரசு ஆகாதது போலத் துப்பாக்கியும் காரணி ஆகாது. (ஆ) இல் புளோரிடா வழக்கின் ஆண்டையும் முடிவையும் குறிப்பிட்டால் விடை வலுப்பெறும். (இ) இல் இரண்டு உதாரணங்களிலும் மனிதரின் மனநிலை மாற்றப்படவில்லை, பொருளுக்கும் மனிதருக்கும் இடைப்பட்ட தூரமே மாற்றப்பட்டது என்ற ஒற்றுமையை முதலில் எழுதி, பின்னர் ஒன்று நாடு முழுவதற்குமான இறக்குமதித் தடை, மற்றது ஒரு நிறுவனத்தின் உள் விதி என்ற வேற்றுமைக்குச் செல்லுங்கள்.